தமிழ் எண்களாக மாற்றும்போது வரும் பிழைகள்: அறிகுறி வாரியாகத் திருத்தும் வழிமுறை

அழைப்பிதழ், கோயில் விழா அறிவிப்பு, திறப்பு விழாக் கல்வெட்டு ஆகியவற்றுக்குத் தட்டச்சு செய்து தரும் எனக்கு, 1, 2, 3 என்று எழுதிய எண்களைத் தமிழ் எண்களாக மாற்றும் வேலை அடிக்கடி வருகிறது. அதைவிட அடிக்கடி வருவது, வேறு யாரோ மாற்றிக் கெடுத்ததைத் திருத்தும் வேலை. ஒரே வகைப் பிழைகளே திரும்பத் திரும்ப வருவதால், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும், செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

எந்த அறிகுறியானாலும் அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: கையில் இருப்பது பழைய முறையா, இடமதிப்பு முறையா? பழைய முறையில் ௧ முதல் ௯ வரையிலான எண்களோடு பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்னும் தனிக் குறிகள் உண்டு, சுழியம் கிடையாது. 2025 என்பதை அதில் ௨௲௨௰௫ என்று எழுத வேண்டும். இடமதிப்பு முறையில் 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் நேரான தமிழ் எண்ணை வைத்தால் போதும். அதே 2025 அங்கே ௨௦௨௫ ஆகிவிடும். இரண்டுமே இன்று புழக்கத்தில் உள்ளன, இரண்டில் எதுவும் தவறில்லை. ஆனால் ஒரே தாளில் இரண்டும் கலக்கும்போதுதான் கீழே வரும் பிழைகளில் பாதி பிறக்கின்றன. ஆகவே வாடிக்கையாளரிடம் முறையைக் கேட்டு உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். மூல எண்ணை 1, 2, 3 வடிவிலேயே தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

அறிகுறி 1: எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரிகிறது

*எல்லாத் தமிழ் எண்களும் கட்டமாகத் தெரிந்தால்*

பெரும்பாலும் எழுத்துருவில்தான் குறை. எழுத்துகளை மட்டும் வரைந்து எண்களை விட்டுவிட்ட அலங்கார எழுத்துருக்கள் நிறைய உள்ளன. எண் இருக்கும் பகுதியை மட்டும் தேர்ந்து நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற முழுமையான எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். கட்டம் மறைந்தால் வேலை முடிந்தது.

மறையாவிட்டால் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். பேஜ்மேக்கர் போன்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு அறியாதவை. அவற்றில் பழைய குறியாக்க எழுத்துருக்களைக் கொண்டே வேலை நடப்பதால், கைபேசியிலிருந்து ஒட்டிய தமிழ் எண்கள் அங்கே கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோதான் வந்து விழும். யூனிகோடு அறிந்த வேறொரு மென்பொருளில் எண்ணை மட்டும் தட்டச்சு செய்து, படமாக ஏற்றுமதி செய்து, பக்கத்தில் பொருத்துவது எளிய தீர்வு.

உங்கள் திரையில் சரியாகத் தெரிந்து, அச்சகத்தில் மட்டும் கட்டம் வந்தால், கோப்போடு எழுத்துரு போகவில்லை என்று பொருள். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். அதற்கும் கட்டமே வந்தால் அச்சகத்தின் வடிவமைப்பாளரிடம் பேசி, எழுத்துகளை வரைவடிவமாக மாற்றித் தரச் சொல்வதே முறை. அந்த நிலையில் வீட்டிலிருந்து செய்யக்கூடியது வேறொன்றுமில்லை.

*௦ மட்டும் கட்டமாகத் தெரிந்தால்*

இது பலரைக் குழப்புகிறது. ௧ முதல் ௲ வரை எல்லாம் ஒழுங்காக வந்து, ௨௦௨௫ என்பதன் நடுவில் மட்டும் ஓட்டை விழுந்திருக்கும். தமிழ்ச் சுழியம் யூனிகோடில் 2005-ஆம் ஆண்டு வெளிவந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. மற்ற எண்கள் அதற்கு முன்பே இருந்தன. ஆகவே அதற்கு முற்பட்ட எழுத்துருக்களில் சுழியத்துக்கு உருவம் இல்லை. எழுத்துருவை மாற்றுங்கள், அல்லது பழைய முறைக்கு மாறுங்கள். அந்த இடத்தில் ஆங்கில ஓ எழுத்தையோ சாதாரண 0-வையோ வைத்துச் சமாளிப்பதை நான் ஏற்பதில்லை. அளவும் தடிப்பும் ஒத்துவராமல் அது தனியாக உறுத்திக்கொண்டே இருக்கும்.

*அரை, கால், முக்கால் ஆகிய பின்னக்குறிகள் மட்டும் கட்டமாகத் தெரிந்தால்*

மா, காணி, முந்திரி உள்ளிட்ட பின்னக்குறிகள் 2019-இல் வந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பில், தமிழ் இணைப்புப் பகுதி என்னும் வேறொரு தொகுதியில் இடம்பெற்றன. சாதாரணத் தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் அவை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் என்னும் எழுத்துரு இதற்கென்றே உள்ளது. அழைப்பிதழில் ‘காலை 7½ மணி’ என்பதற்காக இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. ‘ஏழரை மணி’ என்று எழுத்தில் எழுதிவிடுங்கள்.

அறிகுறி 2: கண்ணுக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் தேடினால் அகப்படவில்லை, திரைவாசிப்பான் தவறாகப் படிக்கிறது

இங்கே எண்ணுக்குப் பதில் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௪ என்பது ச போலவும், ௫ என்பது ரு போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும், ௰ என்பது ய போலவும் இருப்பதால், விசைப்பலகையில் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் எழுத்தையே தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தாளில் அச்சிட்டால் வேறுபாடு தெரியாது. இணையத்திலோ தரவுத்தளத்திலோ போட்டால் அந்த எண் எண்ணாகவே இருக்காது.

சோதனைகள் இரண்டு. முதலாவது, ஐயத்துக்குரிய ௫-இன் வலப்பக்கத்தில் சுட்டியை வைத்துப் பின்னழி விசையை ஒருமுறை அழுத்துங்கள். முழுவதும் மறைந்தால் அது எண். ‘ர’ மட்டும் மிஞ்சினால், அங்கே இருந்தது ர-வும் உகரக் குறியும் சேர்ந்த எழுத்து. இரண்டாவது, ௧ போன்ற ஒற்றை வடிவங்களுக்கு: அதன் பின்னால் மெய்யெழுத்துக்கு இடும் புள்ளியைத் தட்டுங்கள். எழுத்தாக இருந்தால் ‘க்’ என்று தலையில் புள்ளி ஏறும். எண்ணாக இருந்தால் புள்ளி ஒட்டாமல், புள்ளியிட்ட ஒரு வட்டத்தின் மேல் தனியாக நிற்கும்.

எழுத்துதான் என்று உறுதியானால், ஒவ்வொன்றாக அழித்துச் சரியான எண்ணை இடுங்கள். கண்டறிந்து மாற்றும் வசதியைக் கொண்டு க எல்லாவற்றையும் ௧ ஆக்கிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘கல்யாணம்’ என்பதும் ‘௧ல்யாணம்’ ஆகிவிடும், அதுவும் கண்ணில் படாது. எண்ணைத் தட்டத் தெரியாதவர்களுக்கு: ௦ முதல் ௯ வரை 3046 முதல் 3055 வரையிலான குறியெண்கள், ௰ 3056, ௱ 3057, ௲ 3058. வேர்டு மென்பொருளில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண்பலகையில் இந்தக் குறியெண்ணைத் தட்டினால் எண் வந்துவிடும். வலைப்பக்கமானால் ௧ என்று எழுதினால் ௧ வரும்.

ஆயிரக்கணக்கான பதிவுகள் உள்ள தரவுத்தளத்தில் இந்தப் பிழை பரவியிருந்தால், அதைக் கையால் திருத்த முயல வேண்டாம். சூழல் பார்த்து மாற்றும் சிறு நிரலை எழுதத் தெரிந்த ஒருவரிடம், மூலத்தின் படியொன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்படையுங்கள்.

அறிகுறி 3: ஒரே எண்ணுக்குள் ௰-உம் ௦-உம் சேர்ந்து வருகின்றன, அல்லது ௨௰௨௫ போன்ற வடிவம் வருகிறது

முறை கலந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. பழைய முறையில் ௦ வரவே கூடாது. ௧ முதல் ௯ வரையிலான எண்களில் இரண்டு அடுத்தடுத்து நிற்கவும் கூடாது. இடமதிப்பு முறையில் ௰, ௱, ௲ மூன்றும் வரக்கூடாது. இந்த மூன்று விதிகளைக் கொண்டு ஒரு பக்கத்தை ஒரு நிமிடத்தில் சலித்துவிடலாம்.

௨௰௨௫ என்று எழுதியவர் ௰ என்பதைச் சுழியம் என்று எண்ணிவிட்டார். அவரிடம் கேட்டு ௨௦௨௫ அல்லது ௨௲௨௰௫ என்று திருத்துங்கள். ௨௦௰ என்பது போல வந்திருந்தால் காரணம் வேறு: யாரோ ‘10’ என்பதையெல்லாம் ௰ ஆக்கி, அதன் பிறகு மீதி இலக்கங்களை மாற்றியிருக்கிறார். 2010 அப்படித்தான் ௨௦௰ ஆகிறது, 1008 அப்படித்தான் ௰௦௮ ஆகிறது. இந்தக் கோப்பில் ஓர் எண்ணைத் திருத்திவிட்டு நிறுத்தாதீர்கள். அதே மாற்றம் வெளியே தெரியாமல் கெடுத்த எண்களும் உள்ளே இருக்கும். அவை அடுத்த அறிகுறியில் வருகின்றன.

தானியங்கி மாற்றிகளும் இந்தக் குழப்பத்துக்குக் காரணமாவதுண்டு. ஒரு மாற்றி 10-ஐ ௧௦ என்றும், இன்னொன்று ௰ என்றும் தரும். தேதியை ஒன்றிலும் தொகையை மற்றொன்றிலும் மாற்றினால் தாள் இரண்டு முறையாகத்தான் வரும். வலைப்பக்கப் பட்டியல்களில் தமிழ் எண்வகையைத் தேர்ந்தாலும் பத்தாவது உருப்படிக்கு ௧௦ என்றே வரும், ௰ வராது. மாற்றியில் முதலில் 10, 108, 2025 ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்த்து, அது எந்த முறையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு பயன்படுத்துங்கள்.

அறிகுறி 4: எண்ணில் விதிமீறல் எதுவும் தெரியவில்லை, ஆனால் மதிப்பு மாறிவிட்டது

நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் இது படுவதே இல்லை.

*108 என்பது 18 ஆகிவிட்டால்*

ஒரு கோயிலின் திருவிளக்கு வழிபாட்டு அறிவிப்பு என்னிடம் மெய்ப்புக்கு வந்தது. ‘௰௮ விளக்குகள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பதினெட்டு விளக்குகள் போலும் என்று நானும் தாண்டிப் போய்விட்டேன். கீழே நன்கொடை வரிசையில் ‘ரூ. ௰௧’ என்று பலர் பெயருக்கு எதிரில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: பதினோரு ரூபாய் நன்கொடைக்கு யார் பெயர் போடுகிறார்கள்? 108-இல் உள்ள ‘10’ ௰ ஆகி, மிச்சம் ௮ நின்று, பதினெட்டாகியிருக்கிறது. 101 அதே வழியில் பதினொன்றாகியிருக்கிறது. இரண்டுமே பழைய முறையில் குற்றமில்லாத எண்கள் என்பதால், எந்த விதியைக் கொண்டு சலித்தாலும் இவை வலையில் சிக்கமாட்டா. 108-க்கு ௱௮ என்றும், 101-க்கு ௱௧ என்றும் வர வேண்டும். கண்டறிந்து மாற்றும் வசதியால் பழைய முறை எண்களை உருவாக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், முழுக் கோப்பையும் மூலத்தோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

*51,000 என்பது 50,000 ஆகிவிட்டால்*

பழைய முறையில் தனி நூறுக்கு ௧௱ என்று எழுதாமல் ௱ என்றும், தனி ஆயிரத்துக்கு ௧௲ என்று எழுதாமல் ௲ என்றும் எழுதுவது வழக்கம். இதைக் கேள்விப்பட்டவர்கள் ‘௧௲’ வரும் இடமெல்லாம் ௧-ஐ நீக்கிவிடுகிறார்கள். தனி ஆயிரத்துக்கு அது சரி. ஆனால் 51,000 என்பது ௫௰௧௲. அதில் ௧-ஐ எடுத்தால் ௫௰௲, அதாவது ஐம்பதாயிரம். 11,000 என்னும் ௰௧௲ பத்தாயிரமாகவும், 1,01,000 என்னும் ௱௧௲ ஓர் இலட்சமாகவும் சுருங்கிவிடும். நன்கொடையாளர் பட்டியலில் இது நடந்தால் விளைவை விளக்க வேண்டியதில்லை. எண்ணின் தொடக்கத்தில் ௧௲ நின்றால் மட்டுமே ௧-ஐ நீக்குங்கள். ௧௱, ௧௰ ஆகியவற்றில் 10 இலட்சத்துக்குக் கீழ் எங்கு நீக்கினாலும் மதிப்பு மாறாது. அதற்கு மேல் போனால் அங்கும் இதே ஆபத்து உண்டு.

*எண் பல மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ படிக்கப்பட்டால்*

குறிகளின் வரிசை மாறியிருக்கும். சிறிய குறி முன்னும் பெரிய குறி பின்னும் வந்தால் பெருக்கல், பெரியது முன்னும் சிறியது பின்னும் வந்தால் கூட்டல். ௲௱ என்பது 1,100. ௱௲ என்பது 1,00,000. ௲௰ என்பது 1,010. ௰௲ என்பது 10,000. கையெழுத்துப் படியைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது இரண்டு குறிகள் இடம் மாறினால் போதும். பள்ளியில் ரோமன் எண்களைப் படித்தவர்களுக்கு இன்னொரு தடுமாற்றமும் உண்டு. அங்கே சிறியது முன்னால் வந்தால் கழிக்க வேண்டும் என்பதால், கடையில் வேலை பழக வந்த ஒரு தம்பி ௨௰ என்பதை எட்டு என்று படித்தார். அது இருபது.

சரிபார்க்கும் முறை: ஆயிரங்களை முதலில் பிரியுங்கள். 12,345-இல் பன்னிரண்டு ஆயிரங்கள். பன்னிரண்டு ௰௨, அதன் பின் ௲. அடுத்து முந்நூறு ௩௱, நாற்பது ௪௰, ஐந்து ௫. சேர்த்தால் ௰௨௲௩௱௪௰௫. சுழியம் வரும் இடத்தை அப்படியே தாண்டுங்கள்: 4,307 என்பது ௪௲௩௱௭, 50,608 என்பது ௫௰௲௬௱௮. எழுதி முடித்ததும், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவர் சொல்வதை மூலத்தோடு ஒப்பிடுங்கள். எழுதியவரே சரிபார்த்தால் தான் எழுத நினைத்ததைத்தான் படிப்பார்.

10 இலட்சத்தை ௰௱௲ என்றும் கோடியை ௱௱௲ என்றும் எழுதலாம் என்றாலும், அந்த அளவுக்கு மேல் நான் தமிழ் எண்ணில் எழுதித் தருவதில்லை. ‘இருபத்தைந்து இலட்சம்’ என்று எழுத்தில் எழுதுவது படிப்பவருக்கும் எளிது, எனக்கும் நிம்மதி. பத்திரம், உயில், ஒப்பந்தம் போன்றவற்றில் தொகை எந்த அளவானாலும் தமிழ் எண்ணாக மாற்றுவதற்கு முன் ஆவண எழுத்தரையோ வழக்கறிஞரையோ கேளுங்கள்.

அறிகுறி 5: விரிதாளில் கூட்டினால் 0 வருகிறது, வரிசைப்படுத்தினால் 2-க்கு முன் 10 வருகிறது

விரிதாள் தமிழ் எண்களை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொள்கிறது. இது கோளாறு அன்று. கணக்குக்கு ஒரு நெடுவரிசையில் சாதாரண எண்களை வைத்துக்கொண்டு, பக்கத்து நெடுவரிசையில் காட்சிக்கு மட்டும் தமிழ் எண்களை வையுங்கள். இடமதிப்பு முறைக்கு, பத்து முறை பதிலீடு செய்யும் ஒரே சூத்திரம் போதும். பழைய முறைக்குச் சூத்திரம் நீண்டு கொண்டே போகும். நிரல் எழுதத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். தொலைபேசி எண், அஞ்சல் குறியீட்டு எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எந்த முறையிலும் மாற்ற வேண்டாம்.

அறிகுறி 6: அச்சான பிறகு ஓர் எண் வேறொன்றாகப் படிக்கப்படுகிறது

*கதவு எண்ணில் ஐயம் வந்தால்*

7அ என்னும் கதவு எண்ணைத் தமிழில் ௭அ என்று எழுதினால், அதையும் 78 என்னும் ௭௮-ஐயும் தாளில் பிரித்தறிய முடியாது. இடையில் ஒரு கோடிட்டு ௭-அ என்று எழுதலாம். முகவரியை மட்டும் சாதாரண எண்ணிலேயே விட்டுவிடுவது இன்னும் நல்லது; தபால்காரரைச் சோதிக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

*௬, ௲, ௯ மூன்றும் மயங்கினால்*

பல எழுத்துருக்களில் ௬ என்பது சு போலவும், ௲ என்பது சூ போலவும் இருப்பதால், சிறிய அளவில் அச்சிடும்போது வால் எங்கே முடிகிறது என்பது தெரியாமல் போய்விடும். மங்கலான அச்சில் ௯-உம் இவற்றோடு சேர்ந்து குழப்பும். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது பயன்படாது. உண்மையான அளவில், உண்மையான தாளில் ஒரு படி எடுத்து, கைக்கெட்டும் தொலைவில் வைத்துப் படித்துப் பாருங்கள். மயக்கம் இருந்தால் எண்ணின் எழுத்தளவை மட்டும் இரண்டு பாயிண்ட் கூட்டுங்கள், அல்லது எழுத்துருவை மாற்றுங்கள்.

*தேதி வரியில் எண்ணும் குறியும் ஒட்டிக்கொண்டால்*

‘குரோதி ௵ தை ௴ ௰௨ ௳’ என்னும் வரியில் ௵ ஆண்டையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும் சுருக்கக் குறிகள். இவற்றை எண்ணோடு ஒட்டி எழுதினால், பழகாதவர்கள் குறியையும் எண்ணின் பகுதியாகக் கொள்கிறார்கள். இடைவெளி விடுங்கள், வரி நடுவில் முறியாதபடி அது முறியா இடைவெளியாக இருக்கட்டும்.

*கல்லில் பொறிக்கப் போகிறீர்கள் என்றால்*

இங்கே திருத்தம் என்பது புதுக் கல் என்று பொருள். திருவள்ளுவர் ஆண்டைப் பொறிக்கச் சொன்னால், முதலில் கணக்கைச் சரிபாருங்கள்: வழக்கமான ஆண்டோடு 31-ஐக் கூட்ட வேண்டும், 2025 என்பது 2056. அதை ௨௦௫௬ என்றோ ௨௲௫௰௬ என்றோ எழுதலாம். நான் கல்லுக்குப் பழைய முறையையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் சின்னச் சுழியம் வெயிலிலும் மழையிலும் முதலில் தூர்ந்துபோகும். கல்தச்சரிடம் கைபேசிச் செய்தியாக அனுப்பாதீர்கள்; அவருடைய கைபேசியில் எழுத்துரு வேறாக இருந்தால் வடிவமும் வேறாகவே போகும். உண்மையான அளவில் அச்சிட்ட தாளைக் கொடுத்து, அதைக் கல்லின் மேல் ஒட்டி வரையச் சொல்லி, உளி வைக்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

பழைய கல்லிலோ ஓலையிலோ இருக்கும் எண்ணைப் படித்து அதே வடிவில் புதுக் கல்லில் வெட்ட வேண்டுமென்றால், அது தட்டச்சு செய்பவரின் வேலை அன்று. பழைய எழுத்தில் பத்து, நூறு குறிகள் முன்னெண்ணோடு கூடி ஒரே வடிவமாக நிற்பதுண்டு. பின்னக்குறிகளும் ஊடே வரும். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல் துறையிலோ, மாநிலத் தொல்லியல் துறையிலோ, தெளிவான ஒளிப்படத்தோடு அணுகி, அவர்கள் படித்துச் சொன்ன எண்ணை எழுத்திலும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு என்னைப் போன்றவர்களிடம் வாருங்கள்.